குளிக்க வெந்நீர்: விறகா, கேஸா, கரண்டா, வெயிலா?

ஐப்பசி பிறந்து நாலு நாள் அடைமழை பிடித்துவிட்டால் மதுரைப் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே புலம்பல்தான்: காலையில் குளிக்கிற தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. சித்திரையில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து கொதிக்கக் கொதிக்க இறங்கிய அதே குழாய்தான். குளிர் தேசங்களில் இந்தப் பருவத்துக்கு விறகு அடுக்கி, வீட்டுக்குள் இருக்கும் கணப்பைப் பற்றவைத்து, அறையையே சூடாக்கிக்கொள்வார்கள். நமக்கு அந்தத் தேவை கிடையாது. மார்கழி விடியலில்கூட மதுரை இருபது டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். அதற்கும் கீழே இறங்கினால் டீக்கடையில் இரண்டு நாளைக்கு அதுதான் பேச்சு. ஒரு போர்வையும் சுக்கு காபியும் போதும். நாம் அடுப்பு மூட்டுவது தண்ணீருக்குத்தான்.

அந்த வெந்நீரை எதில் போடுவது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கீசர்தான் என்பார் ஒருவர், சோலார் போட்டால் பைசா செலவில்லை என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் பாதிதான் சரி. மதுரைக்குக் குளிர் இரண்டு விதம். ஐப்பசி, கார்த்திகையில் வருவது மழைக்குளிர்: வானம் மூடிக் கிடக்கும், பகலெல்லாம் ஈரம், விறகு நமுத்துப்போகும், காற்றடித்தால் கரண்டும் போகும். மார்கழி, தையில் வருவது பனிக்குளிர்: ராத்திரி வானம் வெறிச்சென்று இருக்கும், விடியலில் பனி கொட்டும், பத்து மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று அடிக்கும். ஒன்றில் நன்றாக வேலை செய்வது இன்னொன்றில் காலை வாரிவிடும். வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பிறகு அளவு. இருபது லிட்டர் வாளித் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ அரை யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூடு வேண்டும். எந்த அடுப்பில் வைத்தாலும் தண்ணீர் கேட்பது அவ்வளவுதான். நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு வாளி என்றால் ஒரு நாளைக்கு இரண்டு யூனிட். இது வாரநாள் கணக்கு. ஆண்களுக்குப் புதன், சனி, பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்றிருந்த எண்ணெய்க் குளியலெல்லாம் வேலைக்குப் போகிற வீடுகளில் சனி, ஞாயிறுக்கு நகர்ந்துவிட்டது. சீயக்காய் தேய்த்து எண்ணெய் போக ஆளுக்கு இரண்டு வாளியாவது ஆகும். முடி நீளமாக இருந்தால் அதுவும் பத்தாது. எல்லாரும் ஒரே காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டால் எட்டு வாளி. உங்கள் ஏற்பாடு தாங்குமா என்பது திங்கட்கிழமை தெரியாது, சனிக்கிழமைதான் தெரியும். (கார்த்திகையில் வீட்டில் யாராவது சபரிமலைக்கு மாலை போட்டால் ஒரு மண்டலத்துக்கு அவர் கணக்கில் ஒரு வாளி மிச்சம். காலையும் மாலையும் பச்சைத்தண்ணீர்தானே.)

விறகிலிருந்து தொடங்குகிறேன், சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் என் அக்கா வீட்டில் இன்றைக்கும் அதுதான் என்பதால். "கேஸ்ல போயி குளிக்கத் தண்ணி காயவைக்கிறியாக்கும்? அது என்ன சும்மாவா வருது?" என்பது அவள் கட்சி. அவளிடம் இருப்பது செம்பு பாய்லர். இடுப்பு உயரம், நடுவில் மேலும் கீழும் திறந்த ஒரு குழல், அதைச் சுற்றித் தண்ணீர். அடியில் உள்ள தட்டில் நெருப்பு. புகை குழல் வழியே மேலே போகும்போது சுற்றியிருக்கும் தண்ணீரைச் சுட வைத்துக்கொண்டே போகும். மேலே புனலில் ஒரு செம்பு பச்சைத்தண்ணீர் ஊற்றினால்தான் மூக்கு வழியாக ஒரு செம்பு வெந்நீர் விழும். இதனால் பாய்லர் காலியாவதே இல்லை. குழாய் வைத்த பாய்லர்களில் இந்தப் பாதுகாப்பு கிடையாது. தண்ணீர் தீர்ந்தது தெரியாமல் நெருப்பைப் போட்டால் பற்றாசு விட்டுப்போய் இணைப்பெல்லாம் ஒழுகும்.

பற்றவைப்பது ஒரு கலை. முதலில் நேற்றைய சாம்பலைத் தட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கீழிருந்து காற்று ஏறாது. ஒரு கை பன்னாடை, அதன் மேல் உடைத்த சிரட்டை நாலு துண்டு, தீ பிடித்ததும் மட்டையை ஒடித்துச் செருகுவது. மட்டை சடசடவென்று எரிந்து தீர்ந்துபோகும். பக்கத்திலேயே உட்கார்ந்து தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். சீமைக்கருவேலக் கட்டை அப்படியில்லை, நின்று எரியும், அணைந்த பிறகும் கங்கு கிடக்கும். அதனால் கடைசியாகக் குளிப்பவருக்கும் சூடு குறையாது. எட்டு வாளி கேட்கும் சனிக்கிழமைக்கு இதற்கு ஈடாக ஒன்றை நான் பார்த்ததில்லை. நெருப்பு இருக்கும்வரை ஊற்ற ஊற்ற வந்துகொண்டே இருக்கும்.

மூன்று கல் வைத்து அண்டாவை ஏற்றுகிற வழக்கமும் கிராமங்களில் உண்டு. அது விறகு தின்னும். எரிகிற சூட்டில் பத்தில் ஒரு பங்கோ கொஞ்சம் கூடவோதான் தண்ணீருக்குப் போகும், மிச்சமெல்லாம் காற்றுக்கு. நன்றாகக் காய்ந்த விறகிலேயே வாளிக்கு முக்கால் கிலோவை ஒட்டி ஆகிவிடும். பாய்லரில் அதில் பாதி போதும். ஈர விறகு என்றால் இரண்டிலும் கணக்கு கெட்டுவிடும்: கட்டையில் இருக்கும் நீர் ஆவியாகவே சூட்டில் ஒரு பங்கு போய்விடும், புகை கண்ணைக் கட்டும். மழைக்குளிருக்கு விறகை நம்புகிறவர் புரட்டாசிக்குள் வெட்டி, காயவைத்து, தாழ்வாரத்தில் அடுக்கியிருக்க வேண்டும். பொன்னுருகக் காயும் அந்த மாதத்து வெயில் வேறு எதற்கு? ஐப்பசியில் போய் விறகுக் கடையில் வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்து எடை போட்டுக் கொடுப்பார்கள்.

புதுச் செம்பு பாய்லர் வாங்குவது சாதாரணச் செலவில்லை. செம்பை எடைக்குத்தான் விற்கிறார்கள். பழையது கிடைத்தால் நடுக்குழலுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அடித்தட்டுக்குச் சற்று மேலே, நெருப்பு நேராகப் படுகிற இடம்தான் முதலில் மெலியும். தண்ணீரை நிரப்பி அரை மணி நேரம் வைத்துக் கசிகிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசலாம். வெளிப்பக்கத்துப் பச்சைக் களிம்பைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம், புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும். டவுனில் மாடி வீட்டில் இருப்பவருக்கு இது ஆகாது. புகை அடுத்த வீட்டு ஜன்னலுக்குப் போகும், பிறகு அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இருக்காது. வீட்டில் இளைப்பு இருப்பவர்கள், கைக்குழந்தை இருப்பவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் கொல்லைப்புறம் திறந்தவெளி இல்லாமல் விறகுப் பக்கம் போகக் கூடாது.

கேஸ் அடுப்பில் அண்டா வைத்துக் காய்ச்சுவதைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. வாளிக்கு ஐம்பது, அறுபது கிராம் கேஸ். நாலு வாளி தினமும் போட்டால் இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு 14.2 கிலோ சிலிண்டர் கூடுதலாகும். கீசர் அதே இரண்டு மாதத்தில் 120 யூனிட்டுக்கு மேல் இழுக்கும். ரூபாயில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பிதான். கேஸுக்கு ஒரு பெரிய நன்மை, மழையும் பனியும் அதற்கு ஒன்றுதான். கரண்ட் போனாலும் எரியும். தொல்லை வேறு: காலை ஏழு மணிக்கு இட்லிக் கொப்பரைக்கும் வெந்நீர் அண்டாவுக்கும் ஒரே அடுப்பில் சண்டை. கொதிக்கிற தண்ணீரைத் தூக்கிக்கொண்டு அடுப்படியிலிருந்து குளியலறைக்கு நடப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. சின்னப் பிள்ளைகள் குறுக்கே ஓடும் வீட்டில் அண்டாவைத் தூக்காமல், அடுப்புப் பக்கத்திலேயே வாளியில் பாதி பச்சைத்தண்ணீரை வைத்து, அதில் விளாவி எடுத்துப் போவதே புத்தி.

கேஸ் கீசர் தனி விஷயம். திறந்ததும் கொட்டும், செலவும் அதிகமில்லை, கரண்டும் கேட்காது. ஆனால் அதைக் குளியலறைக்குள் மாட்டுவதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கதவு, ஜன்னலை அடைத்துக்கொண்டு குளிக்கும்போது உள்ளே கேஸ் எரிந்தால் காற்று குறையக் குறைய கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலை சுற்றுகிறதே என்று நினைப்பதற்குள் ஆள் விழுந்துவிடுவார். கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருக்கும். கொடைக்கானலில் குளிருக்காகக் கரியடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போன செய்திகளுக்குப் பின்னால் இருப்பதும் இதே வாயுதான். கேஸ் கீசர்தான் வேண்டும் என்றால் வெளிச்சுவரில், திறந்த வெளியில் மாட்டி, குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். கடைக்காரர் "எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுக்கோங்க சார், ஒண்ணும் ஆகாது" என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

கரண்டில் மூன்று வழி. மலிவானது ஹீட்டர் ராடு. 1500 வாட் ராடு ஒரு வாளியை இருபது நிமிடத்தில் சுட வைக்கும். விலை ஆயிரத்துக்குள் முடிந்துவிடும், செலவாகும் கரண்டும் கீசருக்குக் கூட இல்லை. கெட்டது, அதை யார் கையாள்கிறார்கள் என்பதில் இருக்கிறது. சுவிட்சை அணைக்காமல் விரலை விட்டுச் சூடு பார்ப்பது, அலுமினியப் பாத்திரத்தில் போடுவது, தண்ணீர் குறைந்து ராடு தலை காட்டினதும் பிளாஸ்டிக் வாளி உருகுவது என்று ஒவ்வொரு மழைக்காலத்திலும் யாராவது ஒருவர் அடி வாங்குகிறார். பழைய வாடகை வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், எர்த் கம்பி பின்னால் எங்கேயும் போயிருக்காது. எங்கள் பக்கத்து எலக்ட்ரீசியன் ராடு என்றாலே, "எர்த் பாத்து, ஆர்சிசிபி போட்டுட்டு அப்புறம் பேசுவோம்ணே" என்பார். முப்பது மில்லி ஆம்ப் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் அந்தப் பெட்டிக்கு ஆகும் செலவு ராடைவிடக் கூடுதல்தான். இருந்தாலும் அது இல்லாமல் ராடு வேண்டாம்.

அண்ணாநகரில் மாடி போர்ஷனில் குடியிருக்கும் என் அக்கா மகன் போன வாரம் போனில் கேட்டது இன்ஸ்டன்ட் கீசரா, ஸ்டோரேஜ் கீசரா என்று. "மாமா, மூணு லிட்டர்னு போட்டிருக்கான், மூணு லிட்டர்ல எப்படிக் குளிக்கிறது?" மூன்று லிட்டர் என்பது உள்ளே இருக்கும் தொட்டி, தண்ணீர் ஓட ஓடச் சூடாகிக்கொண்டே வரும். 3000 வாட் பெட்டி இருபது டிகிரி ஏற்றிக் கொடுத்தால் நிமிடத்துக்கு இரண்டு லிட்டருக்குச் சற்று மேல் வரும். வாளி நிறையப் பத்து நிமிடம். நம்ம ஊரில் குழாய்த் தண்ணீர் அவ்வளவு மோசமாகக் குளிராததால் இது ஓடும். ஏழாயிரம் அடி உயரத்துக் கொடைக்கானலில் முப்பது டிகிரி ஏற்ற வேண்டியிருக்கும், அதே வாளிக்குக் கால் மணி நேரம் ஆகிவிடும். பாத்திரம் கழுவவும் முகம் கழுவவும் இன்ஸ்டன்ட் நல்லது. ஒருவர், இருவர் இருக்கும் வீட்டுக்கும் போதும்.

ஸ்டோரேஜில் 15 லிட்டர் வாங்கினால் 60 டிகிரிக்கு ஏற்றி வைத்த தண்ணீர் பச்சைத்தண்ணீரோடு கலந்து ஒன்றேகால் வாளிக்குச் சற்று மேல் வரும். 25 லிட்டருக்கு இரண்டு வாளிக்குச் சற்று மேல். தீர்ந்தால் 15 லிட்டர் மறுபடி ஏறக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாரநாளில் இது பிரச்சினையே இல்லை. சனிக்கிழமை மூன்றாவது ஆள் தலையில் எண்ணெயோடு துண்டைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். குளிப்பதற்கு இருபது நிமிடம் முன்னால் போட்டு, குளிக்கப் போகும்போது அணைத்தால் போதும். நாள் முழுக்கப் போட்டே வைத்தால் யாரும் குளிக்காமலேயே மீட்டர் ஓடும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர்தான் மதுரையில் பெரும்பாலான கீசர்களின் எமன். உள்ளே இருக்கும் ஹீட்டிங் காயிலில் வெள்ளையாகச் சோறுபோலப் படியும், சூடாக நேரம் எடுக்கும், ஒரு நாள் காயில் வெடிக்கும். தொட்டி அரிக்காமல் இருக்க உள்ளே ஒரு மெக்னீசியம் கம்பி இருக்கும். அது கரைந்து தீர்ந்த பிறகு அரிப்பு தொட்டியைப் பிடித்துக்கொள்ளும். உப்புத் தண்ணீர் வீட்டில் வருடத்துக்கு ஒரு தடவை அதைக் கழற்றிப் பார்க்கச் சொல்லி சர்வீஸ் ஆளிடம் கேளுங்கள். கேட்காமல் அவராகச் செய்ய மாட்டார்.

கரண்ட் பில்லைப் பற்றி ஒன்று. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கணக்கு, முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் 101லிருந்து 200 வரை கிடைத்த குறைந்த விலையும் போய்விடும். 300 யூனிட் ஓட்டுகிற வீட்டுக்குக் கீசரின் 120 யூனிட் பெரிதாகத் தெரியாது. 420 ஓட்டுகிற வீட்டுக்கு அதே 120 யூனிட் பில்லையே வேறு ஆக்கிவிடும். ஏசி அதிகம் ஓடாத மாதங்கள் என்பதால் பெரும்பாலான வீடுகள் தப்பித்துக்கொள்கின்றன. பழைய அட்டையை எடுத்துப் போன வருடம் கார்த்திகை, மார்கழியில் எத்தனை யூனிட் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். போனில் கேட்ட அக்கா மகனுக்கு நான் சொன்னது 15 லிட்டர் ஸ்டோரேஜ். அவன் வீட்டில் அவனும் மனைவியும்தான், யூனிட்டும் இருநூறைத் தாண்டாது. வீடு மாறினால் நாலு ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டு போகலாம்.

சொந்த வீடு, சொந்த மொட்டைமாடி என்றால் சோலார். நூறு லிட்டர் தொட்டி, 60 டிகிரித் தண்ணீர், விளாவினால் ஒன்பது வாளியை ஒட்டி வரும். அக்கா வீட்டுப் பாய்லருக்கு அடுத்தபடியாகச் சனிக்கிழமையைத் தாங்கக்கூடியது இது ஒன்றுதான். மார்கழியிலும் தையிலும் அருமையாக வேலை செய்யும்: பகல் வெயிலில் ஏறிய சூடு பஞ்சு சுற்றிய தொட்டியில் ராத்திரி முழுக்க நிற்கும், விடியலில் பனி கொட்டும்போது குழாயைத் திறந்தால் ஆவி பறக்கும். ஆனால் மதுரையில் அதிகமாக மழை பெய்கிற அக்டோபரிலும் அதை ஒட்டிய நவம்பரிலும், வானம் நாலு நாள் மூடிக் கிடக்கும்போது, அதாவது நமக்கு வெந்நீர் வேண்டும் என்று முதன்முதலில் தோன்றும் நாளில், அது வெறும் தொட்டி. விற்பவர்கள் தொட்டிக்குள் ஒரு எலக்ட்ரிக் காயில் வைத்துத் தருவார்கள். ஒரு வாளி வேண்டி நூறு லிட்டரையும் அது சுட வைக்கும் என்பதைச் சொல்ல மாட்டார்கள். நான் அதைப் போடாமல், மழை மாதத்துக்கு ஒரு சின்ன கீசரையோ கேஸ் அண்டாவையோ வைத்துக்கொள்ளச் சொல்வேன். இருபதாயிரத்தை ஒட்டிப் போட்டுவிட்டு வருடத்தில் இரண்டு, மூன்று மாதம் மட்டும் பயன்படுத்தினால் போட்ட பணம் திரும்ப ரொம்ப வருடம் ஆகும். பங்குனியிலிருந்து ஆவணி வரை மதுரையில் யாருக்கும் அந்தத் தண்ணீர் வேண்டாம். வீட்டில் மூட்டு வலிக்கு வருடம் முழுக்க வெந்நீரில் குளிக்கும் பெரியவர்கள் இருந்தால் அது வேறு கணக்கு, தாராளமாகப் போடலாம். சோலாரில் கண்ணாடிக் குழாய் வைத்த வகையிலும் உப்பு அடியில் சேரும். கார்ப்பரேஷன் தண்ணீர் இணைப்பு இருந்தால் சோலாருக்கு மட்டுமாவது அதைக் கொடுங்கள்.

செலவே இல்லாத வழியும் ஒன்று இருக்கிறது, யாரும் அதை லட்சியம் செய்வதில்லை. பனிக்குளிர் மாதங்களில் மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டித் தண்ணீர் சாயங்காலம் நாலு மணிக்கு இளஞ்சூடாகத்தான் இருக்கும். குழந்தையைக் குளிப்பாட்ட அப்பத்தாக்கள் பித்தளை அண்டாவில் தண்ணீர் பிடித்து முற்றத்து வெயிலில் வைத்ததும் இதுதான். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விடிகாலையில் வைக்க வேண்டும் என்று சட்டமா? பத்து மணிக்கு எண்ணெய் வைத்து, பன்னிரண்டு மணிக்கு வெயிலில் வைத்த அண்டாத் தண்ணீரில் குளித்துவிட்டு, மிளகு ரசமும் சோறும் சாப்பிட்டுப் படுத்தால் எந்தக் கீசரும் தேவைப்படாது. எண்ணெய் வைத்த அன்று பகலில் தூங்கக் கூடாது என்பார் அம்மா. அது அவரவர் சாமர்த்தியம்.

நாகமலைப் புதுக்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு நான் முடிவு செய்திருப்பது கேஸும் வெயிலும். நாங்கள் மூன்று பேர். மழைக்குளிருக்குக் காலையில் அடுப்பில் ஒரு அண்டா, மார்கழி பிறந்ததும் மதியக் குளியல். மாமியார் வந்து தங்கும் மாதங்களுக்காக அவர் குளிக்கும் அறையில் மட்டும் மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் ஒன்று மாட்டப் போகிறேன். அதற்குத் தனியாக 16 ஆம்ப் பாயின்ட் இழுக்க வேண்டும் என்று எலக்ட்ரீசியன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தீபாவளி வேலையெல்லாம் முடிந்துதான் அவர் வருவார் என்பதால், வாங்க நினைப்பவர்கள் பெட்டியை வாங்குவதற்கு முன்னால் ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.